பதினோராவது கட்டம்

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரியின் ஆண்கள் விடுதியில், மருந்து கட்டும் அறைக்குள் ஆறு பேர் இருந்தார்கள். மேசைக்கு அங்கால், மின்விசிறிக்கு நேர்கீழே சத்திரசிகிச்சை நிபுணர் ஜனார்த்தனன். அவருக்கு வலப்பக்கம் விடுதிப் பொறுப்புச் சிஸ்டர் இலட்சுமி. யன்னலோரத்து வாங்கில் பிளாஸ்டர் போடும் கனகலிங்கம். அவரை யாரும் கூப்பிடவில்லை, அவருடைய தேநீர்க் கோப்பை அந்த அறையில் இருந்ததால் வந்து குந்தியிருந்தார். கதவுக்குக் கிட்ட, சில்லுக் கதிரையில், வலது காலை முக்காலியில் நீட்டியபடி உடையார்கட்டுத் தங்கராசா. அவருக்குப் பின்னால், கதிரைக் கைப்பிடியை விடாமல் மனைவி மீனம்மா. தாதி கிருசாந்திக்கு இருக்க இடமில்லை. அவள் சுவரோடு நின்றாள்.

ஜனார்த்தனன் சுற்றி வளைத்துக் கதைக்கிறவர் அல்ல. தங்கராசாவுக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தம். பாதம் விறைத்துப்போய் நோவு தெரிவதில்லை. அடிப்பாதத்துப் புண் இரண்டு மாதமாகியும் மூடவில்லை. இரண்டு தரம் கிருமி ஏறி, விடுதியில் படுத்து, மருந்தில் அடங்கியிருக்கிறது. மூன்றாம் தரம் ஏறினால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் வெள்ளிக்கிழமை அம்புலன்ஸில் யாழ்ப்பாணம் அனுப்பி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்.

மீனம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தங்கராசா தன் காலை ஒருமுறை பார்த்தார். இரண்டு ஏக்கர் வயலை அந்தக் காலோடுதான் அவர் உழுது விதைத்தார்.

கிருசாந்தி நாலு கிழமை தவணை கேட்டாள்.

"புதுசா என்ன செய்யப்போறீங்கள்?" என்றார் ஜனார்த்தனன். "போன முறையும் உங்கட பராமரிப்புத் திட்டத் தாள் வந்தது. ஓரெம் எண்டும் ஹெண்டர்சன் எண்டும் எழுதி, நல்ல வடிவான தாள். புண்தான் அதை வாசிக்கேல்லை."

கனகலிங்கம் கோப்பைக்குள் சிரித்தார். கிருசாந்திக்குக் காது சுட்டது. வியாழன் காலைக்குள் புதிதாக ஒரு காரணம் கொண்டுவந்தால் யோசிப்பதாகச் சொல்லிவிட்டு ஜனார்த்தனன் எழும்பிப் போனார்.

கிருசாந்தி வேலையோடு வேலையாகச் சனி ஞாயிறுகளில் படித்துத் தாதியியல் பட்டம் எடுத்தவள். மனிதன் தன்னைத் தானே பராமரிக்க வல்லவன், எங்கே அவனால் முடியவில்லையோ அங்கேதான் தாதியின் வேலை என்பது ஓரெமின் கோட்பாடு. தங்கராசாவுக்குக் குறைவது அறிவுதான் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். காலை எப்படிக் கழுவுவது, ஏன் மெத்தைச் செருப்புப் போடவேண்டும் என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் அவர் "சரிங்க மிஸ்" என்றார். கிளினிக்குக்கு வந்த நாளெல்லாம் காலில் செருப்பு இருந்தது. அவளும் சரி அடையாளம் போட்டுக்கொண்டே வந்தாள்.

மத்தியானம் தங்கராசாவின் பராமரிப்புக் கோப்பை எடுத்து முதலிலிருந்து வாசித்தாள். ஹெண்டர்சன் வகுத்த பதினாலு தேவைகளுக்கும் பதினாலு கட்டங்கள். மூச்சு, சாப்பாடு, நித்திரை, உடுப்பு, ஒன்றும் வெறுமையாக இல்லை. பதினோராவது, தன் நம்பிக்கைப்படி வழிபடுதல். அதற்குள் அவளுடைய முத்து முத்தான எழுத்தில் ஒரே ஒரு சொல்: சைவம்.

அவள் கோப்பை மூடிவிட்டுத் தங்கராசாவின் கட்டிலடிக்குப் போனாள். கீழே கிடந்த செருப்பை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். இரண்டு மாதம் போட்ட செருப்பின் அடியில் கொம்பனிச் சிட்டை கிழியாமல் ஒட்டியிருந்தது.

ஸ்ரூலை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, "ஐயா, நான் ஏசமாட்டன். இதை எங்க போடுறனீங்கள்?" என்றாள்.

மீனம்மாதான் சொன்னாள். "ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் கையிலதான் கொண்டாருவாரு மிஸ். உள்ள வரும்போது மாட்டிக்குவாரு. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு."

பிறகு கதை முழுதும் வந்தது. இரண்டரை வருடத்துக்கு முன் மகள் யதுர்ஷிகா டெங்குக் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். பிள்ளை எழும்பி நடந்தால் கோயிலில் மூன்று வைகாசிப் பொங்கல் முடியுமட்டும் காலில் செருப்புப் போடமாட்டேன் என்று தங்கராசா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்தார். பிள்ளை நடந்தாள். இரண்டு பொங்கல் முடிந்துவிட்டது. மூன்றாவது வருகிற வைகாசியில், இன்னும் பத்துக் கிழமையில்.

"புள்ள நடந்து வந்துச்சுங்க," என்றார் தங்கராசா. "வாங்கினத வாங்கிட்டு நான் வாக்கு மாறலாமா? காலு போனா போகட்டும்."

"இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கலியே, மிஸ்."

அந்த மூன்று சொல்லுக்குள் தன் இரண்டு மாத வேலையும் கிடப்பதைக் கிருசாந்தி கண்டாள். அவருக்கு அறிவு குறையவில்லை. செருப்பின் நன்மை அவருக்கு அவளைவிட நன்றாகவே தெரியும். நேர்த்திக்கடனை முறிக்கச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. லைனிங்கர் என்ற அறிஞர், ஒரு மனிதனின் வழக்கத்தில் எதை அப்படியே காப்பது, எதற்கு இணங்கிப்போவது, எதை அவனோடு சேர்ந்து மாற்றியமைப்பது என்று மூன்று வழி சொல்லியிருந்தார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பாடம். இப்போது அது கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு கிடந்தது.

அம்மனிடம் சரியாக என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். செருப்பு என்றுதான் சொன்னாராம், வேறொன்றும் காலில் படாது என்று சொல்லவில்லையாம். மத்தியான வெயிலில் சிலபேர் காலில் துணி சுற்றிக்கொள்வதுண்டு, அதை யாரும் குற்றமென்று சொல்வதில்லை என்றாள் மீனம்மா.

கிருசாந்தி நேரே பிளாஸ்டர் அறைக்குப் போனாள். கனகலிங்கம் கேட்டு முடியுமுன்பே எழும்பிவிட்டார். பாதத்திலிருந்து முழங்கால்மட்டும் உடம்போடு ஒட்ட ஒரு பிளாஸ்டர் போட்டால், நடக்கிறபோது பாரம் புண்ணில் விழாமல் கால் முழுக்கப் பரவும். கொழும்பில் வேலை செய்த காலத்தில் ஐம்பது அறுபது போட்டிருக்கிறார். "இஞ்ச வந்து பதினொரு வருசம். ஒருத்தரும் கேக்கேல்லை பிள்ளை. நானும் கையெலும்புக்கே போட்டுக்கொண்டிருக்கிறன்."

தங்கராசா யோசித்தார். அம்மனிடம் கேட்காமல் முடியாது என்றார். புதன்கிழமை விடிய மீனம்மா பூக்கட்டிப் பார்க்க வற்றாப்பளைக்கு பஸ் ஏறினாள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகச் சந்நிதியில் வைக்கப்படும். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கிருசாந்தி கேட்டதற்கு, "வேற வழி கேப்போம் மிஸ்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று கிருசாந்தி ஒரே நோயாளிக்கு இரண்டு தரம் காய்ச்சல் பார்த்தாள். இரண்டு மணிக்கு மீனம்மா விடுதிக்குள் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒரு நந்தியாவட்டைப் பூ, வாடியிருந்தாலும் வெள்ளை வெளேரென்று.

வியாழன் காலை ஜனார்த்தனன் எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், "அப்ப உங்கட பராமரிப்புத் திட்டத்துக்குப் பூவும் கையெழுத்து வைச்சிட்டுது," என்றார்.

"ஓம் டொக்டர். நோயாளியும் வைச்சிட்டார். போன முறை அவற்ற கையெழுத்துத்தான் இல்லாமலிருந்தது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நாலு கிழமையில் புண் பாதிக்குமேல் சுருங்கவேண்டும், சுருங்காவிட்டால் மறுபேச்சில்லை என்று சொல்லி, பிளாஸ்டருக்கு எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அம்புலன்ஸ் தங்கராசா இல்லாமலே யாழ்ப்பாணம் போனது.

கிழமைக்கு ஒருதரம் பிளாஸ்டரை வெட்டி, கழுவி, அளந்து, புதிது போட்டார்கள். ஒரு கிழமையும் தங்கராசா தவறவில்லை. சொந்தக்காரன் வீட்டுக்கு வருகிறமாதிரி கத்தரிக்காய்ப் பையோடு வந்தார். முதற் கிழமை அளவு அசையவேயில்லை. கிருசாந்தி பொய்யெழுதாமல் அப்படியே எழுதினாள். இரண்டாவதில் ஓரம் சிவந்து உயிர் பிடித்திருந்தது. நாலாவதில் ஜனார்த்தனன் தானே அளவுகோலை வாங்கி இரண்டு தரம் வைத்துப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அவர் கனகலிங்கத்தின் தோளில் தட்டினார். சிஸ்டர் இலட்சுமி அன்றைக்கே மற்றத் தாதிகளை அழைத்துவந்து காட்டினார்.

வைகாசியில், பொங்கல் நாளான திங்கட்கிழமை, தங்கராசா பிளாஸ்டர்க் காலோடு வற்றாப்பளைக்குப் போனார். மூன்றாம் பொங்கலும் முடிந்தது. அந்த வியாழக்கிழமை பிளாஸ்டரைக் கடைசியாக வெட்டினார்கள். அடிப்பாதத்தில் ரோசா நிறத்தில் புதுத்தோல், ஒரு சொட்டு ஈரமில்லை. தங்கராசா புதுச்செருப்பை மாட்டிக்கொண்டு விடுதியின் ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தம்வரை நடந்தார். படுத்திருந்தவர்கள் எழும்பி இருந்து பார்த்தார்கள். மீனம்மா பின்னால் போகவில்லை. நின்ற இடத்தில் நின்று, அவர் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாழ்ப்பாணத்துச் சத்திரசிகிச்சைப் பிரிவிலிருந்து, அனுப்புவதாகச் சொன்ன நோயாளி என்ன ஆனார் என்று கேட்டிருந்தார்கள். மறுமொழியைக் கிருசாந்தியே எழுதட்டும் என்றார் ஜனார்த்தனன். "கோட்பாட்டுக்காரரின்ர பேரெல்லாம் போடுங்கோ. பூவையும் விடாதேங்கோ."

அவள் திகதியிட்டு, பந்தி பந்தியாக, அளவுகளை வரிசைப்படுத்தி எழுதினாள். தன் பிழையையும் மறைக்கவில்லை. கடைசிப் பந்தியில், இந்த விடுதியில் இனிப் பதினோராவது கட்டத்துக்குள் சமயத்தின் பெயரோடு நிறுத்துவதில்லை, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்றும் கேட்டு எழுதுகிறோம் என்று குறிப்பிட்டாள். ஜனார்த்தனன் வாசித்து, ஒரு சொல்லும் வெட்டாமல், அவளுடைய கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதை வைத்தார். அவள் கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் இட்டு, பசை தடவி ஒட்டி, விடுதி முத்திரையை அழுத்திக் குத்தினாள். அம்புலன்ஸ் சாரதி தயாபரன் அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.