ஐம்பத்தாறா, ஐம்பத்தேழா

நான் சொல்வதில் பாதி தப்பாக இருக்கலாம். அன்று அக்கா என்னை எந்த வரிசையில் திட்டினாள் என்பது மறந்துவிட்டது. திட்டினாள் என்பது மட்டும் உறுதி.

சாக்கடைக் குழாய்களில் அடைப்பு எப்படி உண்டாகிறது என்று அக்கா ஆறு வருடம் ஆராய்ந்தாள். அன்று மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். தவறினால் பதிவு ரத்து. லேடெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அதைப் பக்கம் பக்கமாக வடிவமைத்துக் கொடுத்தவன் நான். 'பகுதி 4.2 காண்க' என்று கையால் எண் போடுவது என் தகுதிக்குக் குறைவு. அதனால், இடம் பார்த்துப் பேசும் ஒரு கட்டளை எழுதியிருந்தேன். சுட்டப்படும் பகுதி அதே பக்கத்தில் இருந்தால் 'இதே பக்கத்தில் சற்றுக் கீழே வரும் பகுதி 4.2' என்று நீட்டும். வேறு பக்கத்தில் இருந்தால் 'பகுதி 4.2, பக்கம் 57' என்று முடித்துக்கொள்ளும்.

மூன்று மணிக்கு அது காலை வாரியது. 4.2ஐச் சுட்டும் வரி ஐம்பத்தாறாம் பக்கத்தின் நடுவில் இருந்தது, 4.2இன் தலைப்பு அதே பக்கத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதே பக்கம்தானே என்று கட்டளை நீட்டி எழுதியது. ஒரு வரி கூடி, தலைப்பு அடுத்த பக்கத்துக்குப் போய் விழுந்தது. முந்தைய ஓட்டத்தில் தலைப்பு எங்கே நின்றதோ அதைத்தான் கட்டளை நம்பும். மென்பொருளை மறுபடி ஓட்டினேன். வேறு பக்கம் என்று சுருக்கியது. ஒரு வரி குறைந்து, தலைப்பு திரும்பி வந்தது. எத்தனை முறை ஓட்டினாலும் தாளில் வருவது பொய்.

"என்னடா பண்ணுது?"

"அதுக்கு முடிவெடுக்கத் தெரியலக்கா."

"வளர்ப்பு அப்படி. கையால நம்பரைப் போட்டுத் தொலையேன்."

இருநூற்றுப் பத்துச் சுட்டுகள் தாமாக நடக்கும்போது ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போவதா? அவள் பட்டத்தைவிட அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை. வெகுநேரம் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாசலில் வண்டியோடு நின்ற அத்தான் எட்டிப் பார்த்தார். "மாப்ள, பைண்டிங் கடையில நாலரைக்கு ஷட்டரை இழுத்துடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் தியானத்தை அப்புறமா வெச்சுக்கங்க."

"அந்தப் பக்கத்துல ஒரு வரி குறைஞ்சாப் போதும். அது நீட்டி எழுதினாலும் தலைப்பு அங்கயே நிக்கும்" என்றேன்.

அக்கா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். ஐம்பத்தாறாம் பக்கத்தை மேலிருந்து படித்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். 'இதை முதலில் கண்டுணர்ந்தவர் என் மதிப்பிற்குரிய வழிகாட்டியே ஆவார்.' வழிகாட்டி தன் கையாலேயே எழுதிச் சேர்த்த வரி அது. குழாய்க்குள் இறங்கியவள் அக்கா. அவர் மேலே குடை பிடித்துக்கொண்டு நின்றார், தனக்கு.

"எடுத்தா கோபப்படுவாரேக்கா."

"கையெழுத்து வாங்கியாச்சு. கோபப்படணும்னா முதல்ல படிக்கணுமில்ல?"

அழித்தாள். இரண்டு முறை ஓட்டினேன். 4.2 ஐம்பத்தாறிலேயே உட்கார்ந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒப்படைத்தோம். அக்காவுக்குப் பட்டம் கிடைத்தது. இப்போது கழிவுநீர்த் துறையில் பொறியாளர். வழிகாட்டி ஓய்வுபெற்றுவிட்டார், அந்த வரியைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. அத்தான் வண்டியை விற்றுவிட்டார். நான் கட்டளையைத் திருத்தி, எந்தப் பக்கமானாலும் ஒரே நீளத்தில் எழுதும்படி செய்து இணையத்தில் போட்டேன். இதுவரை மூன்று பேர் பதிவிறக்கியிருக்கிறார்கள். அதில் இருவர் நான்.