பேர் சொல்லாத எதிராளி

எந்தப் புது கேஸ் வந்தாலும், எதிராளி யார் என்று சாமுவேல்ராஜ் சாரிடம் சொல்லிக் கேட்காமல் நான் வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதில்லை. ஒரே ஆபீஸில் நாங்கள் இரண்டு வக்கீல்கள். ஆளுக்கொரு பக்கம் ஆஜரானால் கோவில்பட்டியே சிரிக்கும், பார் கவுன்சிலும் சும்மா விடாது. இசக்கிபாண்டி வந்தபோதும் கேட்டேன். எதிராளி அவருடைய இறந்துபோன தம்பியின் மனைவி சத்தியபாமா. சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இரண்டு பேரையுமே தெரியாது என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

விளாத்திகுளம் கோர்ட்டுக்குச் சார் பஸ்ஸில்தான் போவார். முன் சீட்டுக்காரர்கள் திரும்பி உட்கார்ந்து தங்கள் வழக்கைச் சொல்வார்கள், சாரும் கடலையைக் கொறித்தபடி யோசனை சொல்வார். பஸ்ஸில் கேட்டதெல்லாம் ஒரு கேஸா என்பது அவர் நினைப்பு. அப்படித்தான் ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். "எங்க வீட்டுக்காரவிய", "அவிய அண்ணன்" என்று மட்டுமே சொல்லியிருக்கிறாள். புருஷன் பெயரையும் அவர் அண்ணன் பெயரையும் வாயால் சொல்லிவிட்டால் குடி முழுகிப்போகுமே! இவராவது அவள் பெயரைக் கேட்டாரா என்றால் அதுவும் இல்லை. "பாத்துக்கிடுதேன்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அந்த வார்த்தையை நம்பி அவள் வேறு எந்த வக்கீலிடமும் போகவில்லை.

இதெல்லாம் எனக்குப் போன திங்கட்கிழமை காலையில்தான் தெரிந்தது. இசக்கிபாண்டி என் அறையில் உட்கார்ந்து மனுவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தம்பிக்கும் பங்குள்ள கரிசல் காட்டை முழுவதுமாக ஒரு சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். கம்பி வேலி போடப் போனவர்களைச் சத்தியபாமா மறிக்கிறாள், அவளுக்கு எதிராகத் தடை உத்தரவு வாங்க வேண்டும். இவரை எங்களிடம் அனுப்பியதே கம்பெனிதான். தீப்பெட்டி ஆபீஸ் கேஸ்கள் ஒவ்வொன்றாகப் போன பிறகு, அந்தக் கம்பெனியின் வேலையை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. அதுவும் போனால் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான். நானும் சாரும் டைப்பிஸ்ட் பிரேமாவும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

வெளியே ஒரு பெண் குரல், வக்கீல் அண்ணாச்சி இருக்கிறாரா என்று கேட்டது. பிரேமா பெயரைக் கேட்டாள். சத்தியபாமா என்று பதில் வந்தது.

நேரே சார் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கதவிடுக்கு வழியாக அவளைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. கதவைச் சாத்திவிட்டு, பஸ் கதையை மெதுவான குரலில் சொல்லி முடித்தார். இரண்டு பேரையும் வேறு வேறு வக்கீலிடம் அனுப்பிவிடு, வக்காலத்தைத் திருப்பிக் கொடு என்றார்.

நான் விடவில்லை. வக்காலத்தும் இல்லாமல் பெயரும் தெரியாமல் அவள் எப்படி நம் கட்சிக்காரி ஆவாள் என்று கேட்டேன். கம்பெனி கோபித்துக்கொண்டு போனால் பிரேமா வீட்டு அடுப்பை யார் பற்றவைப்பது என்று கேட்டேன். பயத்தில் என்னென்னவோ பேசினேன். சார் யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷன், அன்றைக்குக் கத்திவிட்டார்.

"சட்டப்படி அவளுக்குப் பாதிப் பங்கு உண்டு, யோகா. ஆனா ஆடு தண்ணி குடிக்கக் கண்மாய்க்குப் போக ஒரு பாதை விட்டாப் போதும், மத்தத எழுதிக் குடுத்துருவேன்னு எங்கிட்ட அழுதிருக்கா. இது தெரிஞ்சுக்கிட்டு அவளுக்கு எதுத்தாப்புல நிக்கச் சொல்லுதியா?"

சார் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் பிளைவுட் தடுப்புதான், அதுவும் மேலே பாதி திறந்து கிடக்கும். கட்சிக்காரர்களையே மெதுவாகப் பேசச் சொல்லும் நாங்கள் அன்று அதை மறந்துவிட்டோம். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

ஓடினேன். அதற்குள் இசக்கிபாண்டி அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நமக்குள்ள எதுக்கும்மா கோர்ட்டு? ஆடு கண்மாய்க்குப் போகப் பாதை விட்டுருதேன். மத்தத எனக்கு எழுதிக் குடுத்துரு. இன்னைக்கே பத்திரம் போட்ருவோம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். நான் வாயைத் திறந்தேன். இசக்கிபாண்டி என் பக்கம் திரும்பினார்.

"வக்கீலம்மா, நீங்க எனக்குத்தான வக்கீலு?"

அமைதியாகத்தான் கேட்டார். அவருடைய வக்காலத்து இன்னும் என் மேஜையில்தான் இருந்தது. என் கட்சிக்காரருக்கு எதிராக அவளிடம் ஒரு வார்த்தை நான் சொல்லக்கூடாது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். பிரேமா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

சார் மட்டும் முன்னால் வந்தார். அவசரப்படாதேம்மா, வேறு ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டு முடிவு செய் என்றார்.

சத்தியபாமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற வக்கீலு எதுக்கு அண்ணாச்சி? பாத்துக்கிடுதேன்னு சொன்னிய. பாத்துட்டிய."

இரண்டு கையையும் தூக்கி அவரைக் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி என்னையும் கும்பிட்டாள்.