தின்று மெலிந்த எலிகள்

எங்கள் சார் முதுமையை ஒத்திப்போடும் துறையில் பேராசிரியர். அவர் பேச்சின் சாரம் இதுதான்: ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு புரதம் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறது. சக்தி குறைந்தால் அது விழித்துக்கொண்டு, "புதுக் கட்டடமெல்லாம் அப்புறம், முதலில் உள்ளே கிடக்கும் ஓட்டை உடைசலை எரித்துப் பிழை" என்று அதட்டும். அப்படிச் சுத்தமாகிற செல் தாமதமாகக் கிழடாகும். மூக்குப் பிடிக்கத் தின்றால் காவல் குறட்டை விடும்.

இதை நிரூபிக்கும் பொறுப்பு எங்கள் ஆய்வு மாணவர்களில் சீனியரான அக்காவின் தலையில். ஒரு வரிசை எலிகளுக்கு அரைவயிறு, எதிர்வரிசைக்கு வேண்டியமட்டும். காலையில் போட்ட தீனியையும் மாலையில் மிஞ்சியதையும் நிறுத்து, குறைந்ததெல்லாம் எலி தின்றது என்று எழுதுவது வழக்கம். இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் தெரிந்தால் அக்காவுக்கு டாக்டர் பட்டம்.

இதற்கிடையில் சாரும் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மாறினார். முகத்தில் தனிக் களை. மதியம் நாங்கள் டப்பாவைத் திறந்தால், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி பார்த்துவிட்டு எலி அறைக்குப் போய்விடுவார். என்ன அர்ப்பணிப்பு என்று உருகினோம்.

ஒருநாள் அக்கா அழாத குறையாக வந்தாள். "சார், நிறையத் தின்ற எலிக்கும் காவல் புரதம் முழிச்சிட்டிருக்கு. எடையும் குறையுது. ரெண்டு வரிசையும் ஒண்ணா ஆயிடுச்சு."

"தின்னுட்டே மெலியுதா?" சார் எழுந்தே நின்றுவிட்டார். "உலகத்துக்கே புதுசும்மா இது!"

அக்காவுக்கு அந்தப் புதுமை பிடிபடவில்லை. மறுநாள் மதியம் எலி அறைக் கதவை மெல்லத் திறந்தாள். பின்னால் நான். கொழுத்திருக்க வேண்டிய வரிசையின் முன் நின்று, சார் தீனி உருண்டைகளைக் கடலை மாதிரி கொறித்துக்கொண்டிருந்தார். எலி கம்பியைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சார்! விரதம்?"

"அதுக்கென்ன? மனுஷச் சாப்பாட்டைத் தொட்டேனா?"

"அப்போ இது?"

"எலித் தீனிம்மா. யோசிக்கும்போது கை அதுபாட்டுக்குப் போகுது." பிறகு பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்: "அரைவயிறு வரிசையில ஒண்ணுகூடத் தொடல. பாவம், அதுங்களே பட்டினி."

"அந்த நல்ல மனசுதான் சார் என் ஆராய்ச்சியை முடிச்சிடுச்சு."

சார் மெல்லுவதை நிறுத்தினார். "அப்போ என் கண்டுபிடிப்பு?"

"அது உங்க வயித்துல இருக்கு."

புது எலிகள், முதலிலிருந்து வேலை, கூடுதல் அவகாசம் என்று அக்கா கேட்டதற்கெல்லாம் சார் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அக்கா இன்னொரு நிபந்தனையும் போட்டாள்: வயிறாரச் சாப்பிட்ட பிறகுதான் எலி அறைக்குள் கால் வைக்க வேண்டும்.

மறுநாள் தன் டப்பாவை அவர் முன் நகர்த்தினாள். சார் பரிதாபமாகப் பார்த்தார்.

"இதைத் தின்னா என் செல்லுல காவலெல்லாம் தூங்கிடுமேம்மா."

"தூங்கட்டும் சார். நான் பட்டம் வாங்கினதும் எழுப்பிக்கலாம்."