பாதுகாப்புக்கு ஒரு சீட்

குழந்தை டாக்டர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்: பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்பு, அதுவும் தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே. அங்கே இருந்ததும் ஒரே சீட்.

கலந்தாய்வுக்கு விருப்பங்களைப் பதியக் கடைசி நாள். டியூட்டி முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சரிந்தாள். லேப்டாப் முன்னால் புருஷன். அவனும் டாக்டர்தான், தோல் டாக்டர். ஆனால் விதிகளைக் கரைத்துக் குடிப்பதில் வக்கீல் தோற்றுப்போவார்.

"ஒண்ணே ஒண்ணு போட்டுட்டு அம்போன்னு நிக்கப் போறியா? கீழ அந்த வெளியூர் சிறுநீரக மருத்துவ சீட்டும் இருக்கட்டுமே. பாதுகாப்புக்கு."

"அவ்வளவு தூரத்துலயா? யாரு போவா?"

"கிடைச்சாத்தானே போறதுக்கு?"

"போட்டுத் தொலைங்க," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ரேங்கில் அவளுக்குப் பின்னால் இருந்த ஜூனியரோ, அந்த ஒரு சீட்டை மட்டும் பதிந்துவிட்டு ஒற்றைக்காலில் நின்றாள். "லூசு," என்று சிரித்தான் புருஷன். இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

முதல் சுற்றில் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டாம் சுற்றில் பச்சிளங்குழந்தை சீட் வேறு யாருக்கோ போனது. இவள் தலையில் சிறுநீரகம் விழுந்தது. வேண்டாம் என்றால் அடுத்த இரண்டு வருடத் தேர்வுக்கு உட்கார முடியாது. சேர்ந்தாலோ, அடுத்த சுற்றில் தலைகாட்ட முடியாது. புருஷனுக்கு இந்த விதி அத்துப்படி. கிடைக்காது என்று நம்பியதுதான் வினையாகப் போயிற்று. வேறு வழியில்லாமல் அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்து, சாமான் எடுக்க வீடு திரும்பினாள்.

அந்த வேறு யாரோ சேரவே இல்லை. வெளிநாட்டுக்குப் பறந்துவிட்டதாகப் பேச்சு. சீட் கடைசிச் சுற்றுக்கு வந்தது. கையில் சீட் இல்லாதவர்களுக்கு மட்டும்.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜூனியர்.

"அக்கா, எனக்குக் கிடைச்சிருச்சுக்கா! நம்ம ஆஸ்பத்திரியிலேயே! நம்பவே முடியலக்கா!"

அடப்பாவி, இவளைப் பார்த்தா சிரித்தோம்!

"நல்லாப் படி. மூணாவது இன்குபேட்டர்ல இருக்கிற குட்டிக்கு எடையே ஏறல, பாத்துக்கோ," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

சேலைகளை மடித்துக்கொண்டிருந்த புருஷன் நிமிர்ந்தான். "உனக்குப் பெரிய மனசுடி."

"மனசும் இல்ல, மண்ணும் இல்ல. அவளுக்கு வீட்டுல யோசனை சொல்ல ஆள் இல்ல, அவ்வளவுதான்."

மூட மறுத்த பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தான் அவன்.