சித்திரையில் பார்த்த கிணறு

கிணற்றுப் படியில் அவள் இறங்கிக்கொண்டிருக்கிறாள், சேலைக் கொசுவத்தை இடது கையில் கொத்தாகப் பிடித்து, வலது கையைக் கல்சுவரில் ஊன்றி, ஒவ்வொரு படிக்கும் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு, எண்ணுகிறாள் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இது நான் பார்த்ததா, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதா என்று எனக்கே உறுதியில்லை, அன்றைக்கு அவள் கட்டியிருந்தது நாவல்பழ நிறச் சேலை என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன், போன வாரம் பீரோவைத் திறந்து தேடினால் அப்படியொரு சேலையே இல்லை, அந்தக் கலர் நான் கட்டுனதே இல்லீங்களே என்கிறாள் அவள், ஆகவே நிறம் தப்பாக இருக்கலாம், மாதம் தப்பாக இருக்கலாம், வயிற்றுக்குள் எரிந்தது மட்டும் தப்பில்லை, அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

நான் முப்பத்தோரு வருடம் சர்வேயராக வேலை பார்த்தவன், ஊரார் நிலத்தையெல்லாம் சங்கிலி இழுத்து அளந்து எல்லைக்கல் நட்டுக் கொடுத்தவன், எனக்கென்று ஒரு சென்ட் இருந்ததில்லை, தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் என்று வாடகை வீடு மாற்றி வாடகை வீடாக வசந்தாமணி என் பின்னால் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தாள், என் மனைவி, நகை கேட்டதில்லை, ஊர் கேட்டதில்லை, அவள் கேட்காமல் இருந்ததை நான் நிறைவு என்று எடுத்துக்கொண்டேன், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததும் சேமிப்பும் சேர்ந்து அறுபது லட்சம், அதற்குமேல் ஒரு ரூபாய் கிடையாது, அதற்குள் கொஞ்சம் பூமியும் ஒரு வீடும் பார்க்கலாம் என்று அப்புக்குட்டி என்ற தரகரோடு காரில் சுற்றினோம், மூன்று இடம் காட்டினார், மூன்றிலும் அவள் காரைவிட்டு இறங்கவில்லை, திரும்பும் வழியில் அவர், இன்னொண்ணு இருக்குதுங்க சார், காங்கயத்துக்குத் தெக்கால, நாலு ஏக்கர், ஓட்டு வீடு, சென்னியப்பன்னு ஒருத்தரு, பையன் திருப்பூருல பனியன் கம்பெனி வெச்சுட்டான், இங்க கெழவனும் கெழவியும் ரண்டே பேரு, பாடுபட முடியலீன்னு விக்கறாங்க என்றார், பின்சீட்டிலிருந்து வசந்தாமணி, அதப் பாக்கலாமுங்க என்றாள். முப்பது வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள், எப்பாடு பட்டாவது இதை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று அந்தக் கணமே முடிவுசெய்தேன், எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம், நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

கார் நின்றதும் அவள் வீட்டுக்குள் போகவில்லை, வாசலைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள், தென்னைகளுக்கு மறைவில் கிணறு இருந்தது, வாசலில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, ஏனுங்க சார், அம்மணி இதுக்கு முன்னால வந்திருக்குதுங்களா என்று அப்புக்குட்டி கேட்டார், இல்லையே என்றேன், அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள், கடைசிப் படிகள் தண்ணீருக்குள் இருந்தன, அவற்றையும் குனிந்து விரலால் எண்ணிவிட்டு மேலே வந்தாள், முகம் சின்னப் பெண்ணின் முகம்போல் இருந்தது, முப்பத்திரண்டு, செரியா இருக்குது என்றாள், எதற்குச் சரியாக இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, கேட்கும் பழக்கம் எனக்கு எப்போதுமே இல்லை. வீட்டுக்கார அம்மாள் தெய்வாத்தாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய ஈரக்கையோடு வந்தாள், ஒடிசலான உடம்பு, கூர்மையான கண், எந்தூரு அம்மணி உனக்கு என்று கேட்டாள், வசந்தாமணி பிறந்த ஊரைச் சொன்னாள், அங்க யாரு மக, கொளந்தசாமி மகளுங்க, தெய்வாத்தாள் கையைச் சேலையில் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள், பிறகு உரக்கச் சிரித்தாள், அட, எங்க கெணத்துல கல்லத் தூக்கிப் போட்டுப் பாத்துட்டுப் போனாரே, அவரு மகளா நீயி.

அங்கேயே, கிணற்று மேட்டில் நின்றபடிதான், முப்பது வருடமாக எனக்குத் தெரியாத கதையை அந்நியப் பெண்ணொருத்தி சொல்லக் கேட்டேன், எங்கள் பக்கத்தில் நிச்சயத்துக்கு முன்னால் பெண்வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டையும் தோட்டத்தையும் பார்க்கப் போவார்கள், பெண்ணை அழைத்துப் போவதில்லை, பிடித்துவிட்டால் அங்கே உட்கார்ந்து கை நனைப்பார்கள், ஒரு வாய் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம், கொளந்தசாமி, என் மாமனார், வறட்சி வருடமொன்றின் சித்திரையில் இந்தத் தோட்டத்துக்கு வந்திருக்கிறார், வீடு பிடித்திருக்கிறது, பையன் சென்னியப்பனையும் பிடித்திருக்கிறது, கடைசியாகக் கிணற்றில் ஒரு கல்லைப் போட்டிருக்கிறார், அது பாறையில் விழுந்து உடைந்த சத்தம் கேட்டதாம், சமைத்த சோறு அப்படியே இருக்க, கை நனைக்காமல் கிளம்பிவிட்டார்கள், வைகாசியில் வசந்தாமணியை அரசாங்கச் சம்பளக்காரனாகிய எனக்குக் கொடுத்தார்கள், ஆடியில் பெய்த மழையில் இந்தக் கிணறு விளிம்பு தட்டியது. மழை மூன்று மாதம் முந்திப் பெய்திருந்தால் அவள் என் மனைவியில்லை, ஒரு வறட்சிதான் அவளை எனக்குத் தந்தது, நான் ஜாதகம் என்றும் என் யோகம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். மிச்சத்தை வசந்தாமணியே சொன்னாள், தோட்டம் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று அவளுடைய அப்பா, வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே, வீட்டை மட்டும் மனசு கேட்காமல் அவள் அம்மாவிடம் விவரித்திருக்கிறார், வடக்குப் பார்த்த வாசல், பின்வாசலுக்கு இடப்பக்கம் ஆட்டுக்கல், படி முப்பத்திரண்டு, இவள் சமையலறையில் நின்று அத்தனையும் கேட்டிருக்கிறாள். அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது, மூலனூர் வீட்டில் இடமே இல்லாதபோதும் ஆட்டுக்கல்லைப் பின்வாசலுக்கு இடப்பக்கம்தான் போட வேண்டும் என்று நின்றாளே, வடக்கு வாசல்னா ஊட்டுக்குள்ள வெய்யில் ஏறாதுங்க என்று தாராபுரத்தில் சொன்னாளே, வடக்கு வாசலில் நாங்கள் குடியிருந்ததேயில்லை, எங்கே கண்டாள் என்று நான் யோசித்ததுண்டு, ஆக நான் வாடகை கொடுத்த எல்லா வீட்டுக்குள்ளும் அவள் இந்த வீட்டைத்தான் வைத்துக்கொண்டு குடியிருந்திருக்கிறாள். அதன்பிறகு எனக்கு ஒரு கனவு வரத் தொடங்கியது, இல்லை, அன்றே கிணற்று மேட்டில் நிற்கும்போதே வந்ததோ என்னவோ, அதில் மழை முந்திப் பெய்துவிட்டது, நான் சங்கிலியோடு அந்தத் தோட்டத்தை அளக்க வருகிறேன், சென்னியப்பன் உள்ளே பார்த்து, சர்வேயருக்கு மோர் கொண்டா என்கிறார், அவள் வருகிறாள், இளமையாக, கழுத்தில் அவர் கட்டிய தாலி, சொம்பை என்னிடம் நீட்டிவிட்டு யாரோ எவரோ என்று திரும்பிப் போகிறாள், நான் மோரைக் குடிக்கிறேன், கல் நடுகிறேன், அவர்களுடைய நாலு ஏக்கர் துளி பிசகாமல் சரியாக இருக்கிறது.

தென்னை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேச்சு நடந்தது, எழுபது என்றாள் தெய்வாத்தாள், ஐம்பத்தைந்து என்றேன், அப்புக்குட்டி அவள் பக்கம் ஒரு தடவை, என் பக்கம் ஒரு தடவை காதில் பேசி அறுபதில் கொண்டுவந்து நிறுத்தினார், என் அறுபது, அதோடு முடிந்திருந்தால் இந்த எழுத்தே இல்லை. அந்நேரம் சென்னியப்பன் காட்டிலிருந்து வந்தார், தொப்பை விழுந்த ஆள், முன்பல் இரண்டு இல்லை, ஏனுங்க, உங்களக் கல்லுப் போட்டுப் பாத்தவரு மக வந்திருக்குது பாருங்க என்றாள் மனைவி, அவர் வசந்தாமணியை ஒரு தடவை பார்த்தார், கீழே குனிந்து சிரித்தார், அந்த ஆடியிலேயே கெணறு ரொம்பீருச்சுங்க, உங்கப்பாருக்குச் சொல்லியுடலாம்னுகூட நெனச்சேன் என்றார், சொல்லியுட்டிருக்கலாமுங்க என்றாள் இவள், சிரித்துக்கொண்டே சொன்னாள், அந்தச் சிரிப்பை நான் எந்த வாடகை வீட்டிலும் கேட்டதில்லை. அவர் அப்புக்குட்டியிடம் திரும்பி, பேசுனது கெடக்கட்டும், இவங்களுக்குன்னா அம்பத்தெட்டு போதும், ஒறம்பரையா ஆயிருக்க வேண்டியவங்க என்றார், சொந்தமாகியிருக்க வேண்டியவர்களாம். அறுபது என்று ஒப்புக்கொண்டுவிட்டேன் என்றேன், வேண்டாமுங்க, அம்பத்தெட்டே குடுங்க, அறுபத்தைந்து என்றேன், அப்புக்குட்டி என் தொடையைக் கிள்ளினார், சார், நீங்க வாங்கறவங்க, மறந்துட்டீங்களா, சென்னியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, நல்ல மனுஷன், நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்து, செரி, அம்பத்தேழு என்றார். தெய்வாத்தாள் டீ டம்ளர்களோடு நின்றவள் புருஷனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள், ஒரே நோய்க்காரர்கள் ஆஸ்பத்திரி வரிசையில் ஒருவரையொருவர் கண்டுகொள்வதுபோல் ஒரு பார்வை, அவருதான் அறுபத்தஞ்சு குடுக்கறேங்கறாரே, வாங்கறதுக்கு உங்களுக்கு என்ன நோவு, கட்டிக்கிட்டு வந்த நாளா எனக்கு எதுலயாச்சும் எட்டணா தள்ளுபடி பண்ணியிருப்பீங்களா என்றாள், நீ சும்மா இரு தெய்வா என்றார் அவர், சும்மாதான இருந்தேன் முப்பது வருசமா, கெணத்துல தண்ணி ஏறுனா போதும், தனியா நின்னு ஒரு சிரிப்பு சிரிப்பீங்களே, இதுக்குத்தானா அது. எழுபது என்றேன் நான், அவள் விடவில்லை, எழுபத்தஞ்சுன்னா இப்பவே அட்வான்ஸ் வாங்கிக்கறோம், சரி என்றேன். அப்புக்குட்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார், நாப்பது வருசமாத் தரகு பாக்கறனுங்க, விக்கறவரு எறக்கி வாங்கறவரு ஏத்துறத இன்னைக்குத்தான் பாக்கறேன், எனக்குக் கமிசனே வேண்டாமுங்க, ஊடு போய்ச் சேந்தாப் போதும். யாரும் சிரிக்கவில்லை, வசந்தாமணி பாதி குடித்த டம்ளரைக் கீழே வைத்தாள், நம்மகிட்ட அறுபதுதானுங்க இருக்குது என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள், எல்லாருக்கும் கேட்டது, பிறகு, எந்திரிங்க, போலாம், தெய்வாத்தாளிடம், வர்றனுங்க அக்கா, அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, போகும்போது அவரைப் பார்த்தாளா என்பதை எத்தனையோ தடவை நினைவுபடுத்திப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை பார்க்கிறாள், ஒரு தடவை பார்க்கவில்லை.

அப்புக்குட்டி காங்கயத்தில் இறங்கிக்கொண்டார், வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது அவள், அவர நான் பாத்ததே இன்னைக்குத்தானுங்க, போட்டோகூட அன்னைக்கு யாரும் காட்டல, எனக்கு அந்த ஊடு மட்டுந்தான் தெரியும் என்றாள், எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள், ஆனால் ஆளாக இருந்திருந்தால் தொப்பையும் போன பல்லுமாக அவரை நான் என்னோடு நிறுத்தி அளந்திருப்பேன், ஒருநாளும் குடியிருக்காத வீட்டோடு, ஒருநாளும் ஒழுகாத கூரையோடு எந்தச் சங்கிலியைக் கொண்டு என்னை அளப்பது. மறுவாரம் அப்புக்குட்டி போன் செய்தார், அந்தம்மாவும் எறங்கி வந்துருச்சுங்க சார், சண்டை போட்டு ஓஞ்சு அறுபதுக்கே முடிச்சுக்கலாங்கறாங்க, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வசந்தாமணி எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள், போனில் வந்த சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும், நான், வேண்டாங்க, அங்க தண்ணி பத்தாது என்றேன். அவளுடைய கத்தி நின்றது, பிறகு அரிந்தது.

அந்த வீட்டையும் நாலு ஏக்கரையும் ஈரோட்டுக்காரர் ஒருவர் அறுபத்திரண்டுக்கு வாங்கினார், வருடம் ஒருமுறை பொங்கலுக்கு வந்து பூட்டைத் திறக்கிறார் என்று கேள்வி. சென்னியப்பன் மகனோடு திருப்பூருக்குப் போய் இரண்டாம் வருடம் மாரடைப்பில் போய்ச்சேர்ந்தார். தெய்வாத்தாள் அங்கேயே மூன்றாவது மாடியில் இருக்கிறாள், முழங்கால் வலியால் கீழே இறங்குவதில்லை. அப்புக்குட்டி இன்னமும் தரகு பார்க்கிறார், ஒவ்வொரு பேரத்திலும் எங்கள் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்துத்தான் விலையைப் பேச ஆரம்பிக்கிறாராம். நாங்கள் காங்கயத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம், அறுபது லட்சம் பேங்கில் இருக்கிறது. வசந்தாமணி நன்றாக இருக்கிறாள், என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள், இந்த வீட்டில் எதை எங்கே வைப்பது என்று என்னிடமே கேட்கிறாள்.