பூமி மிதித்த தோல்

ஆயிரத்துத் தொள்ளாயிரமாவது வருஷம், தை கடைசியில், விடிவதற்கு முன் ஆம்பூரில் பூமி அதிர்ந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் பலமாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். ஆம்பூரில் சேதம் அதிகமில்லை. தேவசகாயத்தின் வேலை மட்டும் போயிற்று.

ஷபீ அஹமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் அவன் தொட்டி மிதிப்பவன். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறும் தோல்மேல் ஏறி நின்று தினமும் மிதிக்க வேண்டும். மிதித்தால்தான் சாறு உள்ளே இறங்கும். வருஷக்கணக்கில் மிதித்ததில் முழங்கால் வரை அவனும் பதப்பட்டுவிட்டான். முள் குத்தினால் முள்தான் வளையும். ஒருதரம் அவன் படுத்திருந்தபோது நாய் ஒன்று செருப்பென்று நினைத்து அவன் காலைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. ஆள் கூடவே வந்ததால் விட்டுவிட்டது.

அதிர்ச்சி நின்றதும் சாயபு தொட்டிகளைப் பார்த்தார். பங்குனி வரை மிதிக்க வேண்டிய தோல்கள் எல்லாம் பொன்னிறமாகப் பதப்பட்டுக் கிடந்தன. குலுக்கிய குலுக்கலில் பூமியே மிதித்து முடித்திருந்தது.

பூகம்பத்தை ஆராய ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஏலகிரிப் பக்கமிருந்து பாலாறு வரை அடியில் பாறை நீளமாகப் பிளந்திருக்கிறது, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நெருக்குகிறது, ஒரு பக்கம் நழுவினால் பூமி அதிரும் என்று விளக்கினார். அந்தப் பிளவு தன் ஷாப்பில் எந்த வழியாகப் போகிறது என்று சாயபு கேட்டார். அவர் கைத்தடியால் காட்டிக்கொண்டே நடக்க, சாயபு பின்னாலேயே சுண்ணாம்பு தூவிக்கொண்டு போனார். மறுபடி எப்போது நழுவும் என்றதற்கு, நாளைக்கும் நழுவலாம், நூறு வருஷமும் ஆகலாம் என்றார் வெள்ளைக்காரர். சாயபு நாளைக்கு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"பூமி கூலி கேக்காதுப்பா," என்று தேவசகாயத்தை அனுப்பிவிட்டார்.

வீட்டில் அவன் மனைவி சவுரியம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "மிஷின் வந்து வேல போச்சுன்னு கேட்டிருக்கேன். பூமி வந்து வேலய புடுங்கினது உனக்குத்தான்." மிதிப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை தெரியாது. அடுப்பில் உலை இருந்தது, போட அரிசி இல்லை.

சுண்ணாம்புக் கோட்டின்மேல் சாயபு புதுத் தொட்டிகள் வெட்டினார். தோலைப் போட்டுச் சாற்றை ஊற்றிவிட்டு, நாற்காலி போட்டுக் காத்திருந்தார். பூமி வரவில்லை. சாறுதான் பிளவு வழியாக இறங்கி, வாணியம்பாடியில் கோதண்டபாணி என்ற விவசாயியின் கிணற்றில் ஊறியது. அதைக் குடித்த அவருடைய காளை உயிரோடிருக்கும்போதே பதப்பட்டுவிட்டது. மழை பெய்தால் நனையாது. நடந்தால் புது பூட்ஸ் மாதிரிக் கிறீச்சிடும். சந்தையில் வாங்க வந்தவர்கள் பல்லைப் பார்க்காமல் தையலைத் தேடினார்கள்.

ஆம்பூரில் காய்ந்த தொட்டியில் தோல் நாற ஆரம்பித்தது. மதராஸ் வியாபாரி வருகிற நாள் நெருங்கியது. சாயபு தேவசகாயத்தின் வீட்டுக்கே வந்தார்.

"சரக்கு கெட்டுப்போவுது. வாப்பா."

"பூமி வர்ற நேரத்துல நான் நடுவுல பூந்து பேஜார் பண்ணலாமா, சாயபு?"

"அது வர்ற வரைக்கும் நீ மிதி."

உள்ளேயிருந்து சவுரியம்மாள் குரல் கொடுத்தாள். "அத நாலு பேரு எதிர்ல சொல்லச் சொல்லு. பூமி வர்ற வரைக்கும் உன்ன வேலய விட்டு நிறுத்தக் கூடாது."

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, பள்ளிவாசல் வாசலில் ஜமாத்தார் முன்னால் சாயபு அப்படியே சொன்னார். அங்கே சொன்ன வார்த்தையை ஆம்பூரில் யாரும் திரும்ப வாங்கியதில்லை. தேவசகாயம் அன்றைக்கே தோலைப் பழைய தொட்டிக்கு மாற்றி இறங்கிவிட்டான்.

தலைமுடி நரைத்த பிறகும் அவன் தற்காலிகமாகத்தான் மிதித்துக்கொண்டிருந்தான். ஜோலார்பேட்டை கூட்ஸ் வண்டி போகும்போது தொட்டிச் சாறு மெல்ல நடுங்கும். சாயபு கணக்கறையிலிருந்து எட்டிப் பார்ப்பார். தேவசகாயம் ஒரு காலைத் தூக்கியபடி நிற்பான். வண்டி ஊரைத் தாண்டியதும், "கூட்ஸுதான், சாயபு," என்று காலைக் கீழே வைப்பான்.