ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல்

விடியும் முன்பே மாங்காய்ப் பால் கையைச் சுடத் தொடங்கிவிடும். காம்பு ஒடிந்ததும் பீறிடும் அந்தப் பால் பட்ட இடம் முதலில் எரியும், பிறகு கறுத்துத் தோலுரியும். அதற்காகவே வெள்ளத்தாய் தன் மகனின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு வருவாள். ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடித் தோப்பில் ஆண்கள் வலை கட்டிய தொரட்டியால் சப்பட்டை மாங்காய்களைப் பறித்து இறக்கினார்கள். பெண்கள் கூடைகளைத் தலையில் வைத்து, கழுத்து நரம்பு புடைக்க, ஓடைக்கரைக்குச் சுமந்தார்கள். அங்கே லாரி நின்றது.

ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட, பெட்ரோலில் ஓடும் பழைய லாரி அது. ஓடை மணலில் மற்ற வண்டிகள் புதைந்துவிடும், இது ஏறிவிடும். மாங்காய்க்காகத்தான் வாங்கினேன் என்று தோப்பு முதலாளி ஹரிகிருஷ்ணன் சொல்லிக்கொள்வார். ஆனால் அவர் அதைக் கொஞ்சுவது ஞாயிற்றுக்கிழமைகளில். பழைய வண்டி வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் மதுரையில் கூடி ஊர்வலம் போவார்கள். அதற்கு முந்தைய நாளே லாரிக்குக் குளியல், மெழுகு, புது பேட்டரி. டேங்கில் ஆக்டேன் கூடிய விலை உயர்ந்த பெட்ரோல், ஊர்வலத்துக்குப் போதுமான அளவு. பிறகு அவரே பானெட்டைத் திறந்து, தோல் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகி, பொறி விழும் நேரமான டைமிங்கை முன்னால் தள்ளுவார். பக்கத்தில் ஒருவன் கைப்பேசியில் படமெடுக்க வேண்டும்.

"நல்ல பெட்ரோல் ஊத்தினா தீப்பொறியைக் கொஞ்சம் முன்னாடியே விடலாம். அப்பத்தான் இன்ஜின் பாடும்" என்று படத்தில் விளக்குவார்.

அது சரிதான். படத்தில் சொல்லாதது ஒன்று உண்டு. திங்கட்கிழமை அதே டேங்கில் சாதாரணப் பெட்ரோல் விழும். அப்போது டைமிங்கைப் பழைய இடத்துக்கே இழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் பெட்ரோல் வெடித்துவிடும். ஏற்றத்தில் இன்ஜின் தட்டும். வண்டி முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றி இன்ஜினைக் கிளப்புகிறவன் கையை அது திருப்பி எத்தும். ஹேண்டில் போட்டுச் சுற்றுவது யார்? தோப்பு ஆட்கள்தான். புது பேட்டரி ஊர்வலத்துக்கு மட்டும். வாரநாளில் அது கழற்றப்பட்டு முதலாளி வீட்டில் குளிர்ச்சியாக இருக்கும். வண்டியில் கிடக்கும் கிழட்டு பேட்டரிக்குப் பொறி விடத்தான் தெம்பு உண்டு, இன்ஜினைச் சுற்றத் தெம்பில்லை.

அந்தத் திங்கட்கிழமை, சுற்றுவதற்கு முன் டிரைவர் தேவநேசன் முதலாளிக்குப் போன் போட்டார்.

"சார், நேத்து மதுரைக்குப் போய் வந்தீகளே. டைமிங்கைப் பின்னால கொண்டாந்துட்டீகளா?"

தூக்கக் குரல் வந்தது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு. அதுல கை வைக்கிற வேலை உனக்கு வேண்டாம். வண்டிய எடு."

பால்ச்சாமி கால்களை அகட்டி நின்று ஹேண்டிலைச் சுற்றினான். தோப்பில் அதிகமாகச் சிரிக்கிறவன் அவன்தான். இரண்டாவது சுற்றில் ஹேண்டில் எதிர்ப்பக்கம் எத்தியது. தொரட்டிக் கம்பு முறிவதுபோல ஒரு சத்தம். வலது மணிக்கட்டு இருக்க வேண்டிய திசையில் இல்லை. தேவநேசன் பழப்பெட்டிச் சட்டத்தை உடைத்து வைத்துத் துண்டால் கட்டினார். ஒருவன் பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். போகும்போது பால்ச்சாமி சிரிக்கவில்லை.

ஹரிகிருஷ்ணன் காரில் வந்து இறங்கினார். நேராக லாரியிடம் போனார். குனிந்து, ஹேண்டில் வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். வளையவில்லை. முகம் தெளிந்தது.

"கட்டைவிரலைச் சுத்திப் பிடிச்சிருப்பான். மத்த விரலோட சேத்து வைக்கணும்னு எம்புட்டு தடவை சொல்லியிருக்கேன்?"

"எப்பச் சொன்னீக?" என்றாள் வெள்ளத்தாய். "படத்துலயா?"

யாரோ சிரித்தார்கள்.

"இங்க பாருங்க, ஆஸ்பத்திரியில கேட்டா அவன் தோப்பு ஆள் இல்லன்னு சொல்லிருங்க. சும்மா போனவன், வண்டியப் பாத்து வெளையாடிட்டான். ஏதோ என்னால ஆனதைச் செய்வேன். அவன் என் ஆளுன்னு யாராச்சும் வாயத் தொறந்தா ஒரு சல்லி கெடையாது. ஏலே ஜெயபாண்டி, நீ வந்து சுத்து. வெயில் ஏறுது, காய் வாடுது."

ஜெயபாண்டிக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. கால் தானாக நடந்து ஹேண்டில் வரை போனது. அங்கே நின்று அதைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"என்னலே, குளிருதா?"

"அவன் எதுக்கு?" வெள்ளத்தாய் முன்னால் வந்தாள். "நீங்க ஒரு சுத்துச் சுத்திக் காமிங்க மொதலாளி. விரலை எப்படி வைக்கணும்னு நாங்களும் பாத்துக்கிடுதோம்."

அத்தனை பேர் முன்னால் மறுக்க அவருக்கு மனமில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்தார். குனிந்து ஹேண்டிலைப் பிடித்தார். கட்டைவிரல் ஒழுங்காக மற்ற விரல்களோடு சேர்ந்தே இருந்தது.

தேவநேசன் சீட்டில் ஏறினார். "சாவியப் போடவா சார்?"

ஓடைக்கரை முழுவதும் அந்தக் கையையே பார்த்தது. மெதுவாக விரல்கள் பிரிந்தன.

"செத்த இரு" என்றவர் காருக்குப் போய்த் தோல் பையை எடுத்து வந்தார். பானெட்டைத் திறந்தார். ஸ்பேனரோடு டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கையை நீட்டினார்.

கூலிக்காரன் கைக்கு எல்லாம் சரியாத்தான் இருந்தது. தன் கை என்றதும் ஸ்பேனர் தேவைப்பட்டது. இத்தனை வருஷம் இன்ஜினைப் பற்றி அவர் எடுத்த எல்லாப் படங்களைவிடவும் இது தெளிவான பாடம்.

"கைய எடுங்க!"

தேவநேசன் கீழே குதித்து வந்திருந்தார். அவர் குரல் அப்படி உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "அது எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும், அதான் சாட்சி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல தொழிலாளர் சங்கத்துக்குப் போன் போட்டுச் சொல்லியாச்சு. வக்கீலு வாராக. அவுக பாக்கட்டும், லேபர் அதிகாரி பாக்கட்டும்."

"ஏலே, என் வண்டி இது!"

"வண்டி உங்களுது. ஒடிஞ்ச கை எங்களுது."

வெள்ளத்தாய் பானெட்டை இழுத்து மூடினாள். அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. கக்கத்திலிருந்து கையை எடுத்த ஜெயபாண்டி பம்பரில் கால் வைத்து ஏறி, மெழுகு பூசிப் பளபளத்த அந்த பானெட்டின் மேல் சேற்றுக்காலோடு உட்கார்ந்தான். பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டு லாரியைச் சுற்றி அமர்ந்தார்கள். தொரட்டிகள் மரத்தில் சாய்ந்தன.

"காய் பூரா பழுத்து அழுகப்போகுது. நாளைக்கு வேற ஆள் கொண்டாருவேன்" என்று கத்தினார் ஹரிகிருஷ்ணன்.

கொண்டுவரக்கூடும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் எழுந்திருக்கவில்லை.

வெள்ளத்தாயின் போன் அடித்தது. பால்ச்சாமி. எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அக்கா, இங்க சீட்டு எழுதுதாக. எங்க வேலை பாக்கும்போது ஒடிஞ்சதுன்னு கேக்காக. மொதலாளி பேரைச் சொன்னா பொறவு வேலை கெடைக்குமா? என்னக்கா சொல்ல?"

வெள்ளத்தாய் வாயெடுக்கும் முன் பானெட்டின் மேலிருந்து ஜெயபாண்டி கத்தினான்:

"இந்தத் தோப்புலன்னு சொல்லுலே! எங்க கூடன்னு சொல்லு!"

அதற்குப் பிறகு எல்லோருமே கத்தினார்கள்.